நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவள்

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிவறை எங்கே என்றுதான். எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வருகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? அழுகை எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது பின்நிலைப் பதிவகம். ஒரு தாக்குதல் நடந்தால் செத்தவர்களைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். செய்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள். அங்கேயே இறந்தான், சுடப்பட்டான், பிடிபட்டான், தப்பினான், தெரியவில்லை. ஆளுக்கு ஒரு கோப்பு. பிடிபட்டவன் என்றால் அவன் சாகும்வரை மாதம் ஒரு பக்கம்.

எழுதுவதற்கு ஒரே விதிதான். நடந்ததை மட்டும் எழுத வேண்டும். 'வருந்தினான்' என்று எழுதக்கூடாது. 'நான்கு நிமிடம் அழுதான்' என்று எழுதலாம். யார் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று ஊகித்து எழுதினால் மேலதிகாரி சிவப்பில் அடித்துத் திருப்பி அனுப்புவார். பதினெட்டு வருஷமாக இப்படி எழுதி எழுதி, வீட்டில் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட 'உப்பு இருக்கு' என்றுதான் சொல்லுகிறேன் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

இரண்டாயிரத்து ஐம்பத்தைந்தில் கருவி வந்தது. காதுக்குப் பின்னால் அரிசி அளவுக்கு ஒன்றைப் பதித்துவிடுகிறார்கள். கைதி அந்தத் தாக்குதல் நாளை நினைக்கும்போது மட்டும் விழித்துக்கொண்டு, அவன் மனசில் ஓடுகிற படத்தை அப்படியே பதிந்து எங்களுக்கு அனுப்பும். கூட இருந்தவன் யார், பணம் கொடுத்தவன் யார் என்று இதில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஒன்றும் தெரியவில்லை. முக்கால்வாசிப் பேர் அன்றைக்குக் காலையில் சாப்பிட்ட பரோட்டாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம், முன்னமே எழுதிக் கேட்டு நாள் வாங்கிக்கொண்டு, ஒரு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா வந்தார். தூத்துக்குடிக்காரர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மகள் ஆஸ்லின் நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்தவள். இரண்டாயிரத்து ஐம்பத்தொன்றில், பத்தொன்பது வயதில், தூத்துக்குடி தெற்குப் பேருந்து நிலையத்தில் இறந்த பத்தொன்பது பேரில் ஒருத்தி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை எதிர்த்த ஒரு குழு வைத்த குண்டு. அமைச்சர் வருவதாக இருந்தது; வரவில்லை. அமைச்சர்கள் நேரத்துக்கு வந்ததுண்டா? பையை பெஞ்சுக்கு அடியில் வைத்தவன் தவசீலன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு. குழுவின் நாலு பேரில் உயிரோடு மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். ஆயுள் தண்டனை.

கழிவறை எங்கே என்று ஜெசிந்தா கேட்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அவன் மண்டைக்குள்ள எம்பிள்ள இருக்காளா மேடம்?" என்றார்.

"எப்படிக் கேக்கீங்கம்மா?"

"அவளக் கடைசியாப் பாத்தவன் அவன்தானே. பை வச்ச பெஞ்சுலதான் இவ இருந்தான்னு கோர்ட்டுல சொன்னாவ. நான் வீட்டு வாசல்ல கையாட்டுனதோட சரி. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் அவ எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியாது. அவன் கண்ணு பாத்திருக்கும்லா?"

"பாத்திருந்தாலும் அவன் நினைச்சாத்தான் இதுல பதியும்மா. நினைக்காம இருந்தா ஒண்ணுமே இருக்காது. நினைக்கிறதும் நடந்தது மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது. நேத்துச் சாப்பிட்டதே நமக்குச் சரியா ஞாபகம் இருக்கா?"

"இருக்கட்டும். பாத்துட்டுப் போறேன்."

அன்று காலைதான் ஒரு பதிவு வந்திருந்தது. பன்னிரண்டு விநாடி. காட்டுவதற்கு முன் 'பொருத்தம்' பார்க்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. அதாவது, படத்தில் இருப்பதை வழக்கின் சாட்சியங்களோடு கணினி ஒப்பிடும். கைதி கூண்டில் நின்று எல்லார் சாட்சியத்தையும் கேட்டவன்தானே? கேட்டதே பார்த்ததாக அவன் மனசில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒட்டியிருந்தால் 'கலப்பு' என்று முத்திரை குத்திப் பூட்டி வைக்க வேண்டும். உறவினருக்குக் காட்டக்கூடாது.

பொருத்தம் பார்க்க நாற்பது நிமிடம் ஆகும். அந்த அம்மாள் விடிகாலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது. 'இப்போது பார்க்கவா, பிறகா?' என்று கணினி கேட்டது. நான் 'பிறகு' என்பதை அழுத்தினேன். என் உத்தியோகத்தில் நான் செய்த முதல் தவறு அது. இரக்கப்பட்டுச் செய்ததால் சின்னத் தவறாகிவிடாது.

படம் ஓடியது. சிமெண்டு பெஞ்சு. மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண், மடியில் ஒரு பொட்டலம். அதிலிருந்து ஒரு மக்ரூன் இனிப்பை எடுத்துக் கடிக்கிறாள். வெள்ளைத் தூள் மடியில் உதிர்கிறது. தட்டிவிடுகிறாள். அவ்வளவுதான்.

ஜெசிந்தா திரையைத் தொட்டார். "மக்ரூன் திங்கா பாருங்க" என்றார். "ஹாஸ்டல் பிள்ளைகளுக்குன்னு வாங்கிக் குடுத்தேன். போறதுக்குள்ள பாதியக் காலி பண்ணிருவா." அப்புறம் அழுதார். நான் நேரம் பார்த்தேன், பழக்கதோஷம். பதினொரு நிமிடம்.

அவர் போன பிறகு பொருத்தம் பார்த்தேன். தொண்ணூற்றொரு சதவீதம். வழக்கு விசாரணையில் ஜெசிந்தா சொன்ன சாட்சியம் திரையில் வந்தது: "மஞ்சச் சுடிதார் போட்டிருந்தா. மக்ரூன் பொட்டலம் குடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து தின்னுக்கிட்டுத்தான் இருந்திருப்பா எம்புள்ள." தவசீலன் விசாரணையில் சொன்னது ஒரே வரி. 'நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.'

ஆக, அவன் மனசில் இருந்தது ஆஸ்லின் இல்லை. அம்மா சொன்ன சொல்லுக்கு அவன் போட்டுக்கொண்ட படம். அதை அம்மாவுக்கே நான் காட்டியிருந்தேன். மறுநாளே கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன். அடுத்த மாதம் வரட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். மாதாமாதம் 'பிறகு' என்பதையே அழுத்தி, இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய், பத்தரை மணிக்கு வந்துவிடுவார். வருவதற்கு முன் தலைக்குக் குளித்துப் பின்னலிட்டு, நல்ல புடவையாகக் கட்டியிருப்பார். மகளைப் பார்க்க ஹாஸ்டலுக்குப் போகிற தாய் எப்படிப் போவாரோ அப்படி. அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அவருக்கு நான் கடைசிவரை மேடம்தான். படம் பார்ப்பார், பன்னிரண்டு விநாடியை மூன்று தடவை. பிறகு கொண்டுவந்த மீன் குழம்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் குழம்பைத் தொடவே எனக்குக் கூசும். ஆனாலும் மிச்சம் வைத்ததில்லை.

படமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. முதலில் பின்னல் போய்க் குட்டை முடி வந்தது. ஒரு மாதம் அந்தப் பெண் கண்ணாடி போட்டிருந்தாள். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நினைவு தேய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'பெண், பெஞ்சு, மக்ரூன், கண்ணாடி' என்று எழுதி வைத்தேன்.

இந்த வருஷம் பங்குனியில் தவசீலனின் மனு வந்தது. கருவியை அகற்ற வேண்டும். காரணம் என்ற இடத்தில் ஒரு வரி: 'என் தலைக்குள் நான் தனியாக இருக்க வேண்டும்.' இறந்தவர்களின் உறவினர் ஒருவர் ஆட்சேபித்தாலும் மனு தள்ளுபடி. மற்ற பதினெட்டுக் குடும்பத்துக்கும் கடிதம் போட்டதில், பத்துக் குடும்பத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்துவிட்டது. மீதி எட்டுக் குடும்பத்தில் பதில் சொல்ல ஆளே இல்லை. அதையும் ஆட்சேபணை இல்லை என்றுதான் சட்டம் கணக்கில் எடுக்கிறது. ஜெசிந்தா ஒருவர் பாக்கி.

"தர மாட்டேன்" என்றார், படிவத்தைப் படித்து முடிக்கும் முன்பே. "அவன் தனியா இருக்கணுமாக்கும்? நான் தனியாத்தானே இருக்கேன், என்னய யாரு கேட்டா? அந்தப் பெஞ்சுல இருக்க எம்பிள்ளய விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. ஒரு பொய்யை நம்பி அவர் ஒருத்தனின் மண்டையை ஆயுளுக்கும் பூட்டப் போகிறார். அந்தப் பொய்யை விற்றவள் நான். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, அது ஆஸ்லின் இல்ல. அவன் அவளப் பாக்கவே இல்ல. நீங்க கோர்ட்டுல சொன்னீங்கல்லா, மஞ்சச் சுடிதார், மக்ரூன்னு? அதக் கேட்டு அவன் மனசுல வந்த படம் அது. முத நாளே நான் சோதிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. அப்புறம் சொல்லத் தைரியம் வரல. என்மேல புகார் குடுங்க, நானே எழுதித் தாரேன்."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"முத நாளே தெரியும். கேஸ் முடிஞ்சு நாங்க வீடு மாத்துனோம்லா, அப்ப ஃப்ரிட்ஜ நகத்துனா பின்னால அந்தப் பொட்டலம் கெடக்கு. எறும்பு தின்னு வெறும் பேப்பரும் தூளுமா. மேல வச்சிருக்கா, பின்னால விழுந்துட்டு. எடுக்க மறந்துட்டுப் போயிருக்கா. அவ எப்பவும் அப்படித்தான், குடையக் குடுத்தாலும் மறந்துருவா, சோத்து டப்பாவக் குடுத்தாலும் மறந்துருவா. கூண்டேறி நான் சொன்னதே தப்பு. பஸ் ஸ்டாண்டுல அவ மக்ரூன் திங்கல. வெறும் வயித்தோடதான் இருந்திருக்கா." தலைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இத நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. அவ அப்பா சாகுற வரைக்கும் அவருக்கே தெரியாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருஷமாக நான் விழுங்கிய மீன் குழம்பெல்லாம் நினைவுக்கு வந்தது. "அப்ப என்னத்துக்குக்கா மாசாமாசம் வந்தீங்க?"

"வளருதாள்லா?" என்றார் ஜெசிந்தா. "எனக்குக் கண்ண மூடுனா பத்தொம்பதுதான் வருது. எவ்வளவு முக்குனாலும் பத்தொம்பதத் தாண்ட மாட்டேங்கா. அவன் மண்டையில அவளுக்கு இருபத்தஞ்சாச்சு, கண்ணாடி போட்டா. இப்ப இருபத்தொம்பது. எனக்குக்கூடத் தெரியாத முகம் மேடம். பொய்தான். ஆனா உலகத்துல எம்பிள்ளய தெனமும் நெனைக்க ஆளு ரெண்டு பேருதான். ஒண்ணு நான். இன்னொருத்தன் அவன். அவன் நெனைக்கத நிறுத்தக்கூடாது. நெனச்சுச் சாவட்டும்."

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். உண்மை பேச ஆரம்பித்தால் பாதியில் நிற்க முடியாத புத்தி எனக்கு.

"தெனமும் நினைக்கலக்கா" என்றேன்.

நேரக் குறிப்பைத் திறந்து காட்டினேன். யார் எப்போது வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கைதிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. மாதாமாதம் நானேதான் அறிவிப்பு அனுப்புவேன்: ஆஸ்லினின் தாயார், முதல் செவ்வாய், பத்தரை மணி. ஆறு வருஷத்தில் அந்தப் பெண்ணின் படம் வந்த நாளெல்லாம் முதல் செவ்வாய். நேரமெல்லாம் பத்துக்கும் பத்தே காலுக்கும் நடுவில். மற்ற நாட்களில் ஒன்றுகூட இல்லை.

ஜெசிந்தா விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். எழுபது வரிக்கு மேல்.

"நான் வாறேன்னு தெரிஞ்சு..."

"ஆமா."

"எனக்காவச் செய்யானா?"

"ஏன் செய்யான்னு எனக்குத் தெரியாது. நான் அத எழுதவும் கூடாது. செய்யான். அவ்வளவுதான்."

அவர் எழுந்துவிட்டார். முகம் கறுத்துவிட்டது. "என்ன தைரியம் மேடம் அவனுக்கு! எம்பிள்ளயக் கொன்னுட்டு எனக்கே பொம்ம செஞ்சு காட்டுதானா? இவன் யாரு எனக்குத் தர்மம் பண்ண?" படிவத்தைக் கைப்பையில் திணித்தார். அன்று குழம்புப் பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

மனுவுக்குக் கடைசி நாள் அடுத்த மாதத்து முதல் செவ்வாய். வருகிறாரா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. தவசீலனுக்கு வழக்கமான அறிவிப்பை அனுப்பினேன். 'இது இறுதிப் பார்வையாக இருக்கலாம்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது விதி, சேர்த்தேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடந்த பொட்டலத்தைப் பற்றி எதிலும் எழுதவில்லை, யாரிடமும் வாய் திறக்கவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன்.

வந்தார். தலை பின்னவில்லை, வீட்டில் கட்டுகிற சேலை. படிவத்தை மேசையில் வைத்தார். 'ஆட்சேபணை உண்டு', 'இல்லை' இரண்டு கட்டமும் காலி.

"உண்டுன்னு போடத்தான் வந்தேன்" என்றார். "படத்தப் பாக்க வரல. ஒரு தடவ, அவ்வளவுதான்."

பத்தே காலுக்குப் பதிவு வந்திருந்தது. நாற்பது விநாடி. இவ்வளவு நீளமாக வந்ததே இல்லை. 'பொருத்தம் இப்போது பார்க்கவா, பிறகா?' என்று கணினி கேட்டது. 'இப்போது' என்பதை அழுத்தினேன்.

"நாப்பது நிமிசம் ஆகும்க்கா."

"ஆகட்டும். பத்து வருசம் இருந்தாச்சு."

இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கீழே பஸ்காரன் நாகர்கோவில் நாகர்கோவில் என்று கூவிக்கொண்டிருந்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பதினொன்றே காலுக்கு முடிவு வந்தது. எந்தச் சாட்சியத்திலும் பொருத்தம் இல்லை. அவன் எங்கும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக விதிப்படி காட்டலாம்.

படம் ஓடியது. அதே பெஞ்சு. அதே பெண், முப்பதை எட்டப்போகிறவள், கண்ணாடி போட்டவள். மஞ்சள் சுடிதார் இல்லை. ஏதோ நீலப் புடவை. பொட்டலம் பக்கத்தில் இருக்கிறது, பிரிக்கவில்லை. எங்கோ பார்க்கிறாள். ஒரு பஸ்ஸின் முன்பக்கம் திரைக்குள் வருகிறது. எழுந்திருக்கிறாள், பையைத் தோளில் மாட்டுகிறாள், கூட்டத்தோடு ஏறுகிறாள். பஸ் போகிறது. பெஞ்சு காலி. அதன்மேல் பொட்டலம்.

ஜெசிந்தா சிரித்துவிட்டார். பத்து வருஷமாக அந்த முகத்தில் சிரிப்பு வந்திருக்குமா என்று தெரியாது. நான் பார்ப்பது முதல் தடவை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

"மறந்துட்டுப் போறா பாருங்க மேடம். எம்பிள்ள எம்பிள்ளதான். ஏ ஆஸ்லின், பொட்டலத்த எடுடீ..."

மறுபடி ஓட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது, என்ன செய்ய.

"பஸ்ஸு வந்துட்டு, ஏறிட்டா. இனி அந்தப் பெஞ்சுல எனக்கு என்ன வேல?" பேனாவை எடுத்தார். 'இல்லை' என்ற கட்டத்தில் போட்டு, கீழே பெயரை முழுசாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மன்னிச்சுட்டேன்னு எழுதிராதீங்க. மன்னிக்கல."

"அதுக்கு இதுல இடமே இல்லக்கா."

"நல்லது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் சாலையைக் கடந்து தூத்துக்குடி பஸ்ஸில் ஏறுவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கு அவர் வரமாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகாதீங்கக்கா என்று கூப்பிட வேண்டும்போல இருந்தது.

உட்கார்ந்து தவசீலனின் கோப்பில் அந்த மாதப் பக்கத்தை எழுதினேன். 'நாற்பது விநாடி. பெண் எழுந்தாள். பொட்டலத்தை மறந்துவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.'

மறந்தாளா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாளா என்பது படத்தில் தெரியாது. 'மறந்துவிட்டு' என்பது ஊகம். மேலதிகாரி சிவப்பில் அடிப்பார். அழிக்கலாம் என்று இரண்டு தடவை அந்தச் சொல்லுக்குப் போனேன். பிறகு அப்படியே விட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.